57 பட்டை போட்டும் பலன் இல்லை! மங்குகிறது திருச்சி வைரம்

திருச்சி:
ஏழைகளின் வைரம் என்று பெயர் வாங்கிய திருச்சி செயற்கை வைரத் தொழில், இப்போது இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாகி விட்டது.

திருச்சி, புதுக்கோட்டை வட்டார கிராமங்களில் ஒரு காலத்தில் இது குடும்பத் தொழில். குச்சி முனையில் அரக்கு வைத்து கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் ஒவ்வொரு பட்டையாகத் தேய்க்க வேண்டும். வட்டமான ‘பிரில்லியண்ட் கட்’ கல்லுக்கு மேலே 33, கீழே 24 என மொத்தம் 57 பட்டை. கோணம் கொஞ்சம் பிசகினாலும் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராது, அடிவழியே ஓடிவிடும். அப்புறம் அது வெறும் கண்ணாடித் துண்டு மாதிரிதான்!

இயந்திரத்தின் வேகம்

இத்தனை கஷ்டப்பட்டும் கூலி என்னவோ கல் கணக்கில்தான். சீனாவின் வூசோ நகரில் இதே கல்லை இயந்திரம் ஒரே அளவில் குவித்துத் தள்ளுகிறது. மலிவாகக் கிடைப்பதால் வியாபாரிகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பட்டை தீட்டியவர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மேலிருந்து அடுத்த அடி

இப்போது ஆய்வகத்தில் வளர்க்கும் ‘லேப் வைரம்’ வந்தாச்சு. இது போலி அல்ல, அசல் கார்பன். விலையும் இறங்கி வருகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 2023-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு 5 ஆண்டுக்கு ரூ.242.96 கோடி ஒதுக்கியது. வைரத்தை வளர்க்கும் இயந்திரங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதுதான் நோக்கம்.

சரி, வளர்த்த வைரத்தை பட்டை தீட்டுவது யார்? அந்த வேலை சூரத்துக்குத்தான் போகிறது. திருச்சிக்காரர்கள் அதில் நேரடியாக இறங்கவும் முடியாது. இவர்கள் தீட்டும் கியூபிக் சிர்கோனியா கல்லின் கடினம் 8 முதல் 8.5 வரை. வைரத்துக்கோ 10. வைரத்தைப் பட்டை தீட்ட வைரத்தூள் வேண்டும். அதற்கு தனித் தட்டு வேண்டும், தனிப் பயிற்சி வேண்டும்.

கை கொடுக்குமா அரசு?

பாட்டி காலத்து தோட்டில் ஒரு கல் விழுந்துவிட்டால், அந்தக் குழிக்குப் பொருந்துகிற மாதிரி தீட்ட இன்றைக்கும் கைத்தொழில்காரர்தான் வேண்டும். பழைய நகை வேலைக்கு கூலி உயர்வு, புதிய வைரத்துக்குப் பயிற்சி. இந்த இரண்டும் கிடைத்தால் தொழில் பிழைக்கும்.

வைரம் வளர்க்க கோடிகளை ஒதுக்கியவர்கள், பட்டை தீட்டும் கைகளையும் கொஞ்சம் பார்த்தால் நல்லது. கை மறந்துபோன வேலையை ஆய்வகத்தில் வளர்க்க முடியாதே!