தேய்ந்த தாள் சொல்லும் பொய்

கடைத்தெருவில் அதற்குப் பெயர் உப்புத்தாள். பட்டறையில் எமரி. ஆய்வகத்தின் கொள்முதல் பதிவேட்டில் தேய்ப்புத்தாள். எந்தப் பெயரில் அழைத்தாலும், இந்திய உலோகவியல் ஆய்வகங்களில் மிகக் குறைவாக மதிக்கப்படும் பொருள் அதுதான். மின்னணு நுண்ணோக்கிக்குக் கோடிக்கணக்கில் நிதி கேட்டு முன்மொழிவு எழுதப்படுகிறது, குழு கூடுகிறது, ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. அந்த நுண்ணோக்கியின் அடியில் வைக்கப்போகும் மாதிரியைத் தேய்க்க ஓரிரு தேநீரின் விலையுள்ள தாளைக் கேட்டால், "பழையதையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கள்" என்ற பதில் வருகிறது. இந்தச் சிக்கனம் ஆய்வகத்துக்கு எதையும் மிச்சப்படுத்துவதில்லை. செலவைத் தாளிலிருந்து முடிவுகளுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான்.

ஆய்வேடுகளில் இதன் தடயம் ஒரே ஒரு வாக்கியம்: மாதிரிகள் வழக்கமான உலோகவரைவியல் முறைப்படி மெருகேற்றப்பட்டன. எந்தத் தாளில் தொடங்கினார்கள், எதில் முடித்தார்கள், எத்தனை தாள் செலவானது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. வெப்பநிலையைப் பாகைக் கணக்கில் எழுதும் அதே கை, தேய்ப்பை 'வழக்கமான முறை' என்று கடந்துவிடுகிறது. வழக்கம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு. ஒரே ஆய்வகத்தில் மாணவருக்கு மாணவர் வேறு. ஆகவே அந்த வாக்கியம் படிப்பவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

தேய்ப்பு என்பது மேற்பரப்பைச் சமப்படுத்தும் வேலை என்று மட்டும் புரிந்துகொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தாளில் ஒட்டியுள்ள துகள்களில் ஒரு பகுதியே உளிபோல நின்று உலோகத்தைச் சீவுகிறது. மற்றவை உழுதுகொண்டு போகின்றன. உலோகத்தை இருபுறமும் ஒதுக்கித் தள்ளுகின்றன. கண்ணுக்குத் தெரியும் கீறலின் அடியில், அந்தக் கீறலின் ஆழத்தைவிடப் பல மடங்கு ஆழம் வரை உலோகம் உருக்குலைந்து கிடக்கும். லியோனார்டு சாமுவேல்ஸ் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விரிவாக ஆய்ந்து நிறுவிய செய்தி இது. கீறல் மறைந்துவிட்டது என்பதற்காக அதன் அடியிலிருந்த சேதமும் மறைந்துவிட்டதாகப் பொருளில்லை. மெருகுத்துணியில் பளபளப்பு வந்துவிடும். அரிப்பூட்டியவுடன் பழைய கீறல்கள் புதைகுழியிலிருந்து எழுவதுபோல மீண்டும் தலைகாட்டும். அப்படித் தலைகாட்டினால் அது நல்ல காலம். தலைகாட்டாமல் ஒளிந்திருந்து, உலோகத்தின் இயல்பாகவே வேடமிடும் சேதம்தான் ஆபத்தானது.

அந்த வேடங்கள் பல. 304 வகைத் துருவேறா எஃகில் ஆஸ்டெனைட் முழுமையான நிலைப்பு உடையதன்று. அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பில் ஒரு பகுதி மார்டன்சைட்டாக மாறிவிடும். தாமிரக் கதிரைக் கொண்டு எடுக்கும் எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை எஃகில் சில மைக்ரான் ஆழத்தையே பார்க்கிறது. தேய்ப்பு உண்டாக்கிய மார்டன்சைட்டுக்கு அங்கே ஒரு முகடு கிடைக்கும். அதை விளக்க ஆய்வேட்டில் ஒரு பத்தியும் கிடைக்கும். துத்தநாகம், மக்னீசியம், டைட்டானியம் போன்றவற்றில் தேய்ப்பே இரட்டைப்படிகங்களை உருவாக்கும். பிறகு அவை உருட்டலின் விளைவு என்று விவாதிக்கப்படும். வார்ப்பிரும்பில் கிராஃபைட் பிய்த்துக்கொண்டு போய்விடும். வெற்றுக் குழியை அளந்துவிட்டுக் கிராஃபைட்டின் பரப்பு என்று எழுதுவார்கள். அலுமினியத்தில் மென்மையான உலோகம் இழுபட்டு நுண்துளைகளை மூடிவிடும்; முப்பரிமாண அச்சில் வார்த்த பாகம் துளையே இல்லாதது என்று பெயர் வாங்கும். குறைந்த சுமையில் அளக்கும் நுண்கடினத்தன்மையோ, உலோகத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பால் இறுகிய தோலை அளந்துகொண்டிருக்கும். இவற்றில் எதுவும் கருவியின் பிழையன்று. நுண்ணோக்கி தன் முன் வைத்ததைத்தான் காட்டும்.

அடுத்த குழப்பம் எண்களில் இருக்கிறது. தாளின் முதுகில் அச்சிட்ட எண் பெரிதானால் துகள் சிறிது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. 'பி' இருந்தால் அது ஐரோப்பிய ஃபெப்பா வரிசை. இல்லாவிட்டால் பெரும்பாலும் அமெரிக்க ஆன்சி வரிசை. கரடான எண்களில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும். 240ஐத் தாண்டிய பிறகு பாதைகள் பிரிந்துவிடும். பி600 தாளின் சராசரித் துகள் சுமார் 26 மைக்ரான். அமெரிக்க 600 தாளின் துகள் சுமார் 16 மைக்ரான். அதாவது அமெரிக்க 600க்கு இணையானது பி1200. அமெரிக்க 1200ஐ எடுத்தால் அது 6.5 மைக்ரானை ஒட்டியது; பி1200இல் பாதிக்கும் குறைவு. அமெரிக்க நூலைப் பார்த்து "600 வரை தேய்த்தபின் மெருகுத்துணிக்குப் போகலாம்" என்று கற்ற மாணவர், கடையில் கிடைத்த பி600 தாளோடு நிறுத்திக்கொண்டால், 26 மைக்ரான் துகள் விட்டுச்சென்ற சேதத்தை அலுமினாக் குழம்பைக் கொண்டு அகற்ற முயல்கிறார். மணிக்கணக்கில் நின்றாலும் அது நடக்காது. நடப்பது வேறு: மென்மையான பகுதி குழிந்து, கடினமான பகுதி மேடிட்டு, விளிம்புகள் உருண்டுபோகும். பிறகு பழி துணியின்மீது விழும்.

இதோடு நமது கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் வழக்கிலுள்ள 1/0, 2/0, 3/0, 4/0 என்ற எமரி வரிசையும் சேர்ந்துகொள்கிறது. எமரி என்பது குருந்தமும் மேக்னடைட்டும் கலந்த இயற்கைக் கனிமம். கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவு அதற்குப் பழம்பெயர் பெற்றது. குருந்தம் என்ற சொல்லே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அரக்கில் குருந்தப்பொடி கலந்து வார்த்த சாணையில் மணிக்கற்களைத் தீட்டியது இந்த நாட்டின் பழைய கைத்தொழில். எனவே எமரியை இகழ்வதற்கில்லை. ஆனால் 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சேசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கிய பிறகு, அதைவிடக் கடினமும் கூர்மையும் உடைய துகள் எளிதாகக் கிடைக்கிறது. எமரித் துகள் முனை மழுங்கியது. சீவுவதைவிட உழுவது அதிகம். பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆய்வு முடிவை அதன்மேல் நிறுத்தக் கூடாது.

சிலிக்கன் கார்பைடுக்கும் ஒரு குறை உண்டு. அது கடினமானது, கூடவே நொறுங்கும் தன்மையும் உடையது. எஃகின்மேல் ஒன்றிரண்டு நிமிடங்கள் ஓடியதும் கூர்முனைகள் உடைந்து, சீவும் வேகம் சரிந்துவிடும். தாள் கிழியவில்லை, தடவினால் இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கும், ஆகவே அது நல்ல தாள் என்று நம்பப்படுகிறது. உண்மையில் அந்த நேரத்தில் அது உலோகத்தைச் சீவுவதை விட்டுத் தடவி நசுக்கத் தொடங்கியிருக்கும். தேய்ந்த பி400 தாள் பி800 ஆகிவிடும் என்ற ஆய்வக நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. தேய்ந்த பி400 என்பது சேதத்தை மட்டும் பி400 அளவில் தந்து, வேலையைத் தராத தாள்.

தேர்வு செய்வதற்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை. மாதிரி எப்படி வெட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினால் போதும். உரைவட்டு வெட்டியில் நீரோட்டத்தோடு வெட்டியதற்குப் பி180 அல்லது பி240 போதுமான தொடக்கம். மெதுவாகச் சுழலும் வைர அறுவையில் வெட்டியதைப் பி400இலோ பி600இலோ தொடங்கலாம். அதைக் கரடான தாளில் வைப்பது இல்லாத சேதத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். இப்போது எங்கும் பரவியுள்ள வயர்கட் முறையில் வெட்டியதற்கு, மின்பொறி உருக்கி உறையவைத்த படலமும் அதன் கீழுள்ள வெப்பம் தீண்டிய பகுதியும் முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். பார்வைக்கு வழவழப்பாக இருப்பதை நம்பக் கூடாது. அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களில் நுண்தாளின் துகள் உடைந்து மாதிரியிலேயே புதைந்துகொள்ளும். அங்கே இலேசான அழுத்தம், நிறைய நீர், தாளில் சிறிது மெழுகு ஆகியவை உதவும். மக்னீசியத்துக்கு நீரே பகை. அதன் உலர்ந்த தூள் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. டங்ஸ்டன் கார்பைடு, பீங்கான் போன்றவற்றின்மேல் இந்தத் தாள்களைத் தேய்ப்பது நேரத்தை வீணாக்குவது. அவற்றுக்கு வைர வட்டுதான் வழி.

பயன்படுத்தும் ஒழுங்கும் எளிதுதான். ஒவ்வொரு தாளிலும் மாதிரியை முந்தைய கீறல்களுக்குக் குறுக்காக, தொண்ணூறு பாகை திருப்பிப் பிடிப்பது. பழைய கீறல்கள் மறைந்த பிறகும், அதற்கு ஆன நேரத்தை இன்னொரு முறை செலவிடுவது. கீறலுக்கு அடியிலுள்ள சேதத்தை அகற்றுவது அந்த இரண்டாவது பாதிதான்; அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. தாள் மாற்றும்போது மாதிரியையும் கையையும் கழுவ வேண்டும். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு கரடான துகள் அடுத்த மூன்று படிகளின் உழைப்பை அழித்துவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கைத்திறன் உள்ளவர் எந்தத் தாளிலும் நல்ல மாதிரி எடுப்பார் என்பது ஒன்று. ஓரளவு உண்மை. பல ஆய்வகங்களில் இருபது முப்பது ஆண்டுகள் நின்று தேய்த்த உதவியாளர்களின் விரல்களில், நூல்களில் இல்லாத அறிவு இருக்கிறது. ஆனால் அந்த விரல்களும் தாள் மழுங்கியதை உணர்ந்தவுடன் புதுத் தாளைத்தான் தேடும். திறன் என்பதே எப்போது மாற்ற வேண்டும் என்று அறிவதில் பாதி. தானியங்கி இயந்திரம் வாங்கிவிட்டால் போதும் என்பது இன்னொன்று. இயந்திரம் அழுத்தத்தையும் நேரத்தையும் சீராக்கும். மழுங்கிய தாளைக் கூராக்காது. நிதி இல்லை என்பது மூன்றாவது. சிறிய கல்லூரிகளில் இது மெய்யான துன்பம். அங்கேகூட, பத்து மாதிரிகளை அரைகுறையாகத் தேய்ப்பதைவிட நான்கை முறையாகத் தேய்ப்பது ஆய்வுக்கு நன்மை.

இவ்வளவும் ஆய்வேட்டின் அழகைப் பற்றிய கவலையென்று யாரேனும் எண்ணலாம். அனல்மின் நிலையங்களில் நீண்ட காலம் ஓடிய நீராவிக் குழாய்களின் எஞ்சிய ஆயுளை மதிப்பிட, குழாயை வெட்டாமல் அதே இடத்தில் தேய்த்து, மெருகேற்றி, பிளாஸ்டிக் படலத்தில் அச்செடுத்துப் பார்க்கிறார்கள். தேடப்படுவது படிகமணி எல்லைகளில் தவழ்வினால் தோன்றும் நுண்குழிகளை. தேய்ப்பில் இழுபட்ட உலோகம் அந்தக் குழிகளை மூடிவிட்டால், நோயுள்ள குழாய்க்கு நலச்சான்று கிடைக்கும். அந்தக் குழாயின் அருகில் மூன்று வேளையும் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே தேய்ப்புக்கருவியைப் பிடிக்கும் கைகள், ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மழுங்கிய தாளோடு பழகிய கைகளாகவும் இருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் துகளின் வகை, எண்வரிசையின் பெயர், தொடக்கத் தாள், இறுதித் தாள், ஒவ்வொன்றிலும் செலவிட்ட நேரம் ஆகிய ஐந்தும் இடம்பெற வேண்டும். மூன்று வரிக்கு மேல் ஆகாது. வாய்மொழித் தேர்வில் நுண்படத்தைப் பார்க்கும் தேர்வாளர், அதன் விளக்கத்தைக் கேட்பதற்கு முன் அதன் தயாரிப்பைக் கேட்க வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளர்கள் தாளை எண்ணிக் கொடுப்பதை விட்டு, மாதிரிக்கு இத்தனை தாள் என்று கணக்கிட்டுத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். முதலாண்டு மாணவருக்கு நுண்ணோக்கியைக் காட்டுவதற்கு முன், ஒரே எஃகுத் துண்டைப் புதுத் தாளிலும் தேய்ந்த தாளிலும் தேய்க்கச் சொல்லி, இரண்டையும் நைட்டாலில் அரிப்பூட்டி அருகருகே வைத்துக் காட்டினால் போதும். ஒன்றில் பெர்லைட்டின் அடுக்குகள் தெளிந்து நிற்கும். மற்றொன்றில் அவை வளைந்து கலங்கிக் கிடக்கும்.

1863இல் ஷெஃபீல்டின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி எஃகை மெருகேற்றி, அரிப்பூட்டி, நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கியபோது, இன்றுள்ள எந்தக் கருவியும் அவரிடம் இல்லை. பொறுமையாகத் தயாரித்த ஒரு பரப்பு இருந்தது. உலோகவரைவியல் என்ற துறையே அந்தப் பரப்பிலிருந்துதான் பிறந்தது. கருவிகள் பெருகிய காலத்தில் அந்தப் பரப்பை மலிவாக்கிவிட்டு, அதிலிருந்து அரிய உண்மைகளை எதிர்பார்ப்பது முறையாகாது.