பெல்டியர் தூங்கிப்போன இரவு

'ஏமாற்றிய நட்சத்திரம்' என்று ஒரு தலைப்பைப் படித்ததிலிருந்து இந்த வாரம் முழுக்க மனசு ஆறவில்லை. டி கொரோனே போரியாலிஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பருக்குள் வெடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள்; வெடிக்கவில்லை. அதற்காக இந்தப் பழியா?

முதலில், அது ஒரு நட்சத்திரமே அல்ல, இரண்டு. சுமார் 3,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு செம்பெருமீனும் ஒரு வெண்குள்ளனும் 227 நாளுக்கொரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெரியதிலிருந்து வழியும் ஹைட்ரஜன் சிறியதன் மேல் படிந்துகொண்டே போகிறது. சூடும் அழுத்தமும் எல்லை தாண்டினால் அந்தப் படிவு அணுக்கரு இணைவில் குபீரென்று பற்றிக்கொள்ளும். வெண்குள்ளன் அழியாது, மறுபடி சேர்க்க ஆரம்பிக்கும். 1866 மே, 1946 பிப்ரவரி என்று இரண்டு வெடிப்புகள்தாம் நன்றாகப் பதிவானவை. இதை வைத்துக்கொண்டு நாள் குறித்தது நாம்.

1946 என்றதும் லெஸ்லி பெல்டியர் வந்துவிடுகிறார். அவருடைய 'ஸ்டார்லைட் நைட்ஸ்' (1965) பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் இருப்பதால் மறுபடியும் எழுதுகிறேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டெல்ஃபோஸ் என்ற ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டுப் பிள்ளை. ஒரு குவார்ட்டுக்கு 2 சென்ட் கூலிக்கு 900 குவார்ட் ஸ்ட்ராபெர்ரி பறித்து, அந்த 18 டாலரில் இரண்டங்குலத் தொலைநோக்கி வாங்கினார். ஒளி மாறும் விண்மீன்களை 1918இல் பார்க்கத் தொடங்கியவர், 1980இல் இறக்கும்வரை விடவில்லை. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகள், சம்பளமில்லாமல்.

டி கொரோனேயை மட்டும் இருபத்தைந்து வருடம் பார்த்துவந்தார். அத்தனை காலமும் அது பத்தாம் ஒளித்தரத்தில் மங்கலாகவே கிடந்தது. 1946 பிப்ரவரியில் ஓர் இரவு, அதிகாலை இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்தார். வானம் தெளிவாக இருந்தது. ஆனால் சளி பிடிப்பதுபோல் இருக்கவே, போய்ப் படுத்துக்கொண்டார். அந்த இரவில்தான் அது வெடித்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்த அந்த ஒளி ஒரு வாரத்தில் மங்கிவிட்டது.

குற்றம் தன்மேல்தான் என்று ஒப்புக்கொள்கிறார் பெல்டியர். ஆனாலும் பழைய நெருக்கம் போய்விட்டதாக எழுதும் அந்தப் பக்கத்தைக் கடக்க ஒவ்வொரு முறையும் எனக்கு நேரமாகிறது. அதற்குப் பிறகும் அவர் அதைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. விண்மீனைக் குறைசொல்ல யாருக்காவது உரிமை உண்டென்றால் அது அவருக்குத்தான். அவரே லேசாகக் குறைபட்டுக்கொண்டதோடு சரி.

இந்த மாதம் முன்னிரவில் சுவாதியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வடகிழக்கே அரைவட்டமாக ஏழு மீன்கள் இருக்கும். டி கொரோனே அந்த வளைவின் கிழக்கு முனையருகே இருக்கிறது; இப்போது கண்ணுக்குத் தெரியாது. ஏழையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எட்டாவது தெரிகிற இரவில் வீட்டில் தூங்குபவர்களையும் எழுப்பிவிடுங்கள்.