இரண்டு கோப்புகளில் ஒரு கலியாணம்

என்னுடைய விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி கனடாவில் இரண்டு கோப்புகளில் கிடந்தது. ஒன்று, கணவரை நிரந்தரமாகக் கூப்பிடுவதற்கு நான் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம். மற்றது, அது முடியும் வரைக்கும் அவர் ஒருக்கா வந்து போவதற்கான விசிற் விசா விண்ணப்பம். முதலாவது கோப்பில் அந்தச் சான்றிதழ் நாங்கள் உண்மையான தம்பதி என்பதற்கு ஆதாரம். இரண்டாவதில் அதே சான்றிதழ் இந்த ஆள் வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்பதற்கு ஆதாரம். ஒரே பதிவாளர், ஒரே முத்திரை, ஒரே மொழிபெயர்ப்பாளர்.

இதை நான் ஸ்காபரோவில் பல வீட்டுக் குசினிகளில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒரு ஆள், "சட்டம் அப்பிடித்தானே, என்ன செய்யிறது" என்று தேத்தண்ணியை எடுத்துக் குடிப்பார். அந்த "என்ன செய்யிறது"க்குத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் 2020 தை மாதம் யாழ்ப்பாணத்தில் பதிவு செய்தோம். எனக்கு மூன்று கிழமை லீவு. திரும்பி வந்து கொஞ்ச நாளில் விமான நிலையங்கள் பூட்டுப்பட்டன. 2021இல் ஸ்பொன்சர் போட்டேன். அந்த வருசக் கடைசியில் ஊருக்குப் போய் ஆறு கிழமை நின்றேன். வந்த கையோடு, பிள்ளை தங்கியிருப்பது தெரிந்தது. செப்டெம்பர் கடைசி என்று டொக்டர் திகதி சொன்னார். ஸ்பொன்சர் எப்போது முடியும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் விசிற் விசாவுக்குப் போட்டோம். விசாக் கட்டணம் 100 டொலர், கைரேகைக்கு 85. மறுத்தாலும் அந்தக் காசு திரும்பி வராது.

என் பக்கத்து ஆவணங்கள் ஒரு பின்னேரத்தில் முடிந்தன. அழைப்புக் கடிதம், குடியுரிமைச் சான்றிதழ், வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், வருமான வரி மதிப்பீடு, ஆறு மாத வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம். எல்லாம் கொம்பியூட்டரில் இருந்தவை. அவர் பக்கம் வேறு கதை. அது இலங்கை கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்த மாதம். பெற்றோல் வரிசை, பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கரண்ட் வருகிற நேரம் பார்த்து ஸ்கான் செய்ய ஓடுவார். அவர் அரசாங்கப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெளிநாட்டு லீவுக்கு அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கையெழுத்து வாங்கினார். கைரேகை வைக்க இரவு பஸ்சில் கொழும்புக்குப் போய் வந்தார்.

வங்கியில் இருபது இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருந்தது. எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல மாமன் மச்சானிடம் மாறி வைத்துக் காட்டிய காசில்லை, அவரே சேர்த்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றது. மே நடுவில் முந்நூற்றி அறுபது. அந்த இடைவெளியிலேயே பத்தாயிரம் டொலர் ஐயாயிரத்து ஐந்நூறாகிவிட்டது. அவர் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

இனிக் காணி. சொந்த நாட்டில் பிடிப்பு இருக்கிறது என்று காட்ட உறுதியும் மதிப்பீட்டு அறிக்கையும் வைத்தால் நல்லது என்று சொல்வார்கள். அவருடைய குடும்பத்துக்கு வலிகாமம் வடக்கில் பத்துப் பரப்புக் காணி இருக்கிறது. 1990 ஜூனில் விட்டிட்டு ஓடி வந்தது. அன்றைக்கு வெளிக்கிட்டபோது மாமி உடுப்பை விட்டிட்டு உறுதியைத்தான் பையில் வைத்தவ. காணிக்குள் ஆமி நின்றது, அப்போதும் நின்றது. கிராம சேவகர் இவர்களுடைய காணிதான் என்று கடிதம் கொடுத்தார். விலை மதிப்பிட வந்தவரோ கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "உள்ளுக்கை போகாமல் எப்பிடித் தம்பி விலை போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே அறிக்கை இல்லாமல் உறுதியை மட்டும் வைத்தோம். ஒரு நாட்டின் ராணுவம் முப்பது வருசமாக உங்கள் காணிக்குள் இருக்கும். இன்னொரு நாடு, உனக்கு உன் ஊரில் போதிய சொத்தில்லை என்று எழுதும்.

ஃபோம் நிரப்பித் தருகிற ஒரு அண்ணையிடமும் போனேன். நல்ல மனுசன், என்னிடம் காசு வாங்கவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர் டொக்டருடைய கடிதத்தில் நின்றார்.

"தங்கச்சி, உதை எடுத்துவிடுங்கோ. பிள்ளை பிறக்குது எண்டு காட்டினால் இவர் திரும்பிப் போகார் எண்டுதான் நினைப்பாங்கள். படங்களும் உவ்வளவு வேண்டாம். ரெண்டு காணும்."

"ஸ்பொன்சர் ஃபைலுக்கு நாப்பது படம் வைக்கச் சொன்னனீங்கள்?"

"அது ஸ்பொன்சர். இது விசிற்."

அந்த மனுசன் பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய்க்குத் தண்டனை என்ன என்று அவருக்குத் தெரியும்: கனடியச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் பிடிபட்டால் ஐந்து வருசத்துக்கு உள்ளே வரமுடியாது. அவர் சொன்னது அன்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டு என்பதுதான். முதலாவது கோப்பில், நாள் தவறாமல் கதைக்கிறோம், பிரிந்திருக்க முடியவில்லை என்று நிறுவவேண்டும். இரண்டாவதில், பிரிந்திருப்பது எங்களுக்குப் பெரிய விசயமில்லை, பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு பிளேன் ஏறுவார் என்று நிறுவவேண்டும். இரண்டையும் ஒரே ஆட்கள், ஒரே வருசத்தில், ஒரே அரசாங்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

நான் கடிதத்தை எடுக்கவில்லை. ஜூலையில் மறுப்பு வந்தது.

மறுப்புக் கடிதம் எல்லாருக்கும் ஒரே அச்சு. கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பப் பிணைப்புகளைக் கவனத்தில் கொண்டு, தங்கும் காலம் முடிய நீங்கள் வெளியேறுவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தியில்லை. பிறகு ஐந்து டொலர் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அதிகாரியின் குறிப்பை எடுத்தேன். நாலு வரி. மனைவி கனடாவில், கர்ப்பிணி, ஸ்பொன்சர் நிலுவையில், சொத்து குறைவு. வேலையைப் பற்றியோ லீவுக் கடிதத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 179ஆம் விதி, வருகிறவர் காலம் முடிய வெளியேறுவார் என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும் என்கிறது. சட்டத்தின் 22ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒருவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருந்தால் அதனால் மட்டும் அவர் தற்காலிகமாக வருவது தடைபடாது, காலம் முடிய வெளியேறுவார் என்று அதிகாரி திருப்திப்பட்டால் போதும் என்கிறது. அதாவது எங்களைப்போன்ற ஆட்களை மனதில் வைத்தே எழுதிய பிரிவு. வாசிக்க வடிவாக இருக்கும். ஆனால் ஒரு கையால் கொடுத்ததை அந்த "திருப்தி" மற்றக் கையால் எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் அதிகாரி திருப்திப்படாததற்குக் காரணமாக எழுதுவது அந்த எண்ணத்தைத்தான்.

சரி, எங்கள் ஆட்களில் வந்து நின்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மழுப்பத் தேவையில்லை. ஆனால் வாழ்க்கைத்துணை நின்றுவிட்டால் கனடா என்ன செய்கிறது? 2005 பெப்ரவரியில் கொண்டுவந்த ஒரு பொதுக் கொள்கையின்படி, விசா முடிந்து உள்ளே நிற்கிற கணவனோ மனைவியோ இங்கே இருந்தபடியே ஸ்பொன்சரில் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். நல்ல கொள்கை, நான் அதை எதிர்க்கவில்லை. என் கேள்வி இதுதான்: உள்ளே வந்து காலம் கடந்து நின்றவருக்குக் குடும்பம் என்று இரங்குகிற அரசு, வெளியே நின்று முறையாகக் கேட்கிறவரிடம் அதே குடும்பத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தலாமா? நேர்மையாகக் கேட்டவருக்குத்தான் நட்டம்.

என்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளையின் காதலன் இங்கிலாந்துக்காரன். அவன் ஏழு டொலர் கட்டி இணையத்தில் ஒரு மின் அனுமதி எடுத்தான். இவளோடு எத்தனை படம் இருக்கிறது, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, தாய்க்குக் காணி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வந்தான், கோடை முழுக்க நின்றான். அவனுக்கும் அவளை விட்டுப் போக விருப்பமில்லை, அதை அவன் எல்லாருக்கும் முன்னாலேயே சொன்னான். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரனுக்கு அது காதல். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரனுக்கு அது ஆபத்துக் குறியீடு.

நாங்கள் கலியாணம் செய்தவர்கள், ஒரு முத்திரையாவது இருந்தது. கலியாணம் செய்யாமல் ஒரு வருசம் சேர்ந்து வாழ்ந்தாலே தம்பதி என்று கனடா ஏற்கும். ஆனால் கூட்டாக வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, அயலவர் கடிதம் வேண்டும். சாதி மாறிக் காதலித்த ஒரு சோடி யாழ்ப்பாணத்தில் எந்த அயலவரிடம் போய்க் கடிதம் கேட்கும்? இரண்டு ஆண்கள் என்றால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு இன்னும் இருக்கிறது. இங்கே ஆதாரம் என்று கேட்கிற கடதாசி அங்கே குற்றத்துக்கான சாட்சியமாகலாம்.

2023 மே மாதம் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஷான் ஃப்ரேசர், ஸ்பொன்சர் நிலுவையில் உள்ள வாழ்க்கைத்துணைகளின் விசிற் விசா இனி விரைவாகப் பரிசீலிக்கப்படும், பெரும்பாலானவை முப்பது நாளுக்குள் முடியும் என்று அறிவித்தார். எங்கள் வானொலிகளில் நன்றி சொன்னார்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் கேட்டது. ஒரு அறிவிப்பால் மாற்றக்கூடியது என்றால் அதற்கு முதல் மறுத்ததெல்லாம் எதற்காக? அதோடு 179ஆம் விதி அப்படியே இருக்கிறது. அமைச்சர் தந்த சலுகையை இன்னொரு அமைச்சர் எடுக்கலாம்.

ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விசிற் விசா மறுக்கப்பட்டால் அந்த வழி இல்லை. அறுபது நாளுக்குள் பெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நீதிமுறை மீளாய்வுக்குப் போடவேண்டும். மனுவுக்கு ஐம்பது டொலர், வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில். வென்றாலும் விசா வராது, கோப்பு இன்னொரு அதிகாரியிடம் போகும், அவ்வளவுதான். அறுபது நாளில் மூன்று தரம் வக்கீல் கந்தோருக்குப் போக எனக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. ஸ்பொன்சர் கோப்பில் உண்மை என்று ஏற்ற கலியாணத்தை விசிற் கோப்பில் எதிராக எழுதக்கூடாது என்று விதியிலேயே போடுங்கள். மறுத்தால் எல்லா ஆவணத்துக்கும் பதில் எழுதுங்கள். மேன்முறையீட்டுக்கு ஒரு வழி திறந்துவிடுங்கள். இல்லையென்றால், இந்தக் கடவுச்சீட்டுக்காரரின் கணவன் மனைவி வந்து பார்க்கமுடியாது என்று பச்சையாக எழுதி ஒட்டுங்கள். 185 டொலராவது மிஞ்சும்.

மகள் பிறந்தபோது தாதி ஒருத்தி என் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றா. அங்கே இரவு, கரண்ட் இல்லை. அவருடைய முகம் திரையில் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. "நீர் களைக்காதையும், நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றார். ஸ்பொன்சர் முடிந்து அவர் வந்து இறங்கியபோது பிள்ளைக்குப் பதினொரு மாதம். ஆளைக் கண்டு அழுதது.

போன கிழமை எங்கள் கட்டடத்தில் இருக்கிற ஒரு பிள்ளை தன்னுடைய கோப்போடு வந்தாள். புருசன் வவுனியாவில். அவளுக்கு நாலு மாதம். "அக்கா, டொக்டர்ரை கடிதத்தை வைக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டாள். இவருக்கு முன்னால்தான் கேட்டாள். நான் வையுங்கோ என்றேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார்.