சாக்கடையும் ஒரு பாடம்தான்

கொசுவுக்கு நொச்சிப் புகை, வேப்பிலைப் புகை எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் தெருவில் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு என்ன புகை போடுவது? அது பஞ்சாயத்து சமாசாரம். அதனால் இந்தத் தடவை ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் கதை.

பூந்தமல்லி தாண்டி குத்தம்பாக்கம் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் இளங்கோ. கெமிக்கல் எஞ்சினீயர், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் உத்தியோகம். அதை உதறிவிட்டு ஊருக்கு வந்து 1996 தேர்தலில் தலைவரானார். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அந்த அம்மாளைத்தான் முதலில் கும்பிட வேண்டும் என்பேன்!

சாக்கடை கட்ட, பாலிஷ் போடும் இடங்களில் ஒதுக்கித் தள்ளிய கிரானைட் துண்டுகளை வாங்கிப் போட்டார். செலவு குறைந்தது. ஆனால் திட்டத்தில் சொன்னபடி கட்டவில்லை என்று பதவியிலிருந்தே நிறுத்தி வைத்துவிட்டார்கள்! உண்ணாவிரதம் இருந்தார், ஊர் ஜனம் கூட நின்றது, விசாரணைக்குப் பிறகு பதவி திரும்பக் கிடைத்தது. வீட்டில் சிக்கனம் பிடித்தால் மெச்சுவார்கள். சர்க்காரில் பிடித்தால் இப்படி.

2000-ல் அங்கே வந்த சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு ஜாதிக் குடும்பம். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் அம்மி அரைத்தால் அந்தப் பக்கம் கேட்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

2006 வரை தலைவராக இருந்தவர், தான் கற்றதை மற்றத் தலைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பஞ்சாயத்து அகாடமி ஆரம்பித்து வாத்தியாரும் ஆனார். வரவு செலவு, கிராம சபை, ஊருக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவது, இவைதான் பாடம்.

இந்தப் படிப்பு நம் பெண்களுக்குத்தான் அவசியம். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு நமக்கு. 2016 சட்டத்தில் பாதியாயிற்று. நாற்காலி கிடைத்தது, ஃபைல் கிடைத்ததா? பல ஊர்களில் கையெழுத்து மட்டும் அம்மாவுடையது, படிப்பதெல்லாம் வீட்டுக்காரர்.

என் நாத்தனார் 2019 தேர்தலில் தலைவரானாள். செக் புத்தகம் அவள் கணவரின் பீரோவில். செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுகூட அவளுக்குப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரியும். வந்த அன்றைக்கே, "பீரோ சாவியைக் கொடுங்க"ன்னு கேட்டாளாம். மனுஷர் நாலு நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், அந்த வருஷம் குழாய்க்கு வந்த பணம் குழாய்க்கே போயிற்று. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிறவளுக்கு அந்த ரிஜிஸ்டர் என்ன பெரிய வித்தையா?

தலைவராகாதவர்களுக்கும் வேலை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: இவை கிராம சபை நாட்கள். சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக என்றைக்குக் கழுவினார்கள், குளோரின் எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். மொத்தத்தை மட்டும் படித்தால் விடாதீர்கள், ஒவ்வொரு இனமாகப் படிக்கச் சொல்லுங்கள்.