சவுல் வைத்திருந்த ஆடுகள்

மாங்குளத்திலிருந்து மல்லாவி, துணுக்காய் ஊடாக வெள்ளாங்குளம் போகும் வீதியில், 2007 செப்டம்பர் 26ஆம் திகதி கிளைமோர் வெடித்து அருட்தந்தை பாக்கியரஞ்சித் செத்தார். இடம்பெயர்ந்த சனத்துக்குச் சாமான் கொண்டு வந்த வழி. ஏழு மாதம் கழியவில்லை, 2008 ஏப்ரல் 20 ஞாயிறு, வவுனிக்குளத்தில் பூசை வைத்துவிட்டுத் திரும்பிய கிளி பாதர், அருட்தந்தை கருணாரட்ணம், அவரும் கிளைமோரில். வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவர் அவர். இராணுவத்தின் ஆழ ஊடுருவும் படையணி என்றது சனம், அரசு மறுத்தது.

இருவருக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறோம். அவர்கள் எதற்குக் கீழ்ப்படிந்து அந்த வீதிகளால் போனார்கள் என்பதை மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

எங்களுக்குத் தெரிந்த கீழ்ப்படிதல் வேறு. ஞாயிறு பூசை, வெள்ளி ஒருசந்தி, ஆகஸ்டில் மடுவுக்கு நடை. பிறகு, யாருடைய கையில் துவக்கு இருந்ததோ அவருக்கு. 1990களின் தொடக்கத்தில் துணுக்காயிலேயே புலிகளின் சிறை இருந்தது. உள்ளே கிடந்து உயிரோடு வந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வெளியே இருந்த நாங்கள் வயல் பார்த்தோம், செபமாலை சொன்னோம். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிள்ளை பிடித்த காலத்தில் அயல்வீட்டில் குழறல் கேட்டால் எங்கள் படலையைச் சாத்தினோம். எங்கள் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் எழுதினோம். சரி, அது உயிர்ப்பயம். பயந்தவனைக் கடவுள் மன்னிப்பார் என்றே வைத்துக்கொள்வோம்.

குழுக்கடனுக்கு என்ன சாட்டுச் சொல்லப் போகிறோம்? யுத்தம் முடிந்து வீதி திறந்ததும் கம்பனிகள் வந்தன. ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்று கையெழுத்து வாங்கின. புருஷன் இல்லாதவள் கோழி வளர்க்கக் கடன் எடுத்தாள், மழை பொய்த்தது, கோழி செத்தது, அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். கிழமைக்கு ஒருக்கால் மோட்டார் சைக்கிளில் பொடியன் வருவான். அவன் வாசலில் இருக்க, அவளுடைய முற்றத்தில் நின்று கத்தியவர்கள் யார்? அவளோடு ஒரே வரிசையில் நின்று நன்மை எடுக்கிற நாங்கள். அதற்குப் பிறகு அவள் பூசைக்கு வருவதில்லை. விசுவாசம் குறைந்துபோச்சு என்றோம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அரசாங்கத்துக்குக்கூடத் தோன்றியது.

அந்த வருசங்களில் எங்கள் கோயில்களுக்குக் காசு இல்லாமல் இல்லை. கனடாவிலிருந்து வந்தது, சுவிஸிலிருந்து வந்தது. மாபிள் பதித்தோம், கோபுரம் எழுப்பினோம், கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டினோம். வேதாகமத்தில், ஆண்டவர் முழுக்க அழிக்கச் சொன்ன கொள்ளையில் கொழுத்த ஆடுமாடுகளை மட்டும் சவுல் அரசன் மிச்சம் பிடித்தான். கேட்டதற்கு, ஆண்டவருக்குப் பலி கொடுக்கத்தான் என்றான். இறைவாக்கினர் சாமுவேல் அந்தச் சாட்டை எடுக்கவில்லை, இராச்சியமே போனது. அந்த வாசகத்தை வாசித்துவிட்டுத்தான் கட்டட நிதிக்கு உண்டியல் எடுத்தோம். யாரும் சிரிக்கவில்லை.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். நாங்கள் பஸ்ஸில் அந்த வழியால் போனோம். யன்னலால் பார்த்தோம். சிஐடிக்காரன் படம் எடுப்பான், வீண் சோலி. குருமார் சிலர் போய்ப் பக்கத்தில் இருந்ததைப் பேப்பரில் பார்த்து, எங்கள் ஆட்கள்தான் என்று பெருமைப்பட்டோம்.

அந்தத் தாய்மாரில் பலர் பதில் இல்லாமலே செத்துப் போனார்கள். பிள்ளையை யார், எந்த இடத்தில், என்ன திகதியில் கொண்டு போனார்கள் என்று கேட்டு எழுதி வைப்பது கிளி பாதர் செய்த வேலை. எங்கள் பங்கில் அதற்கு ஒரு கொப்பி கிடையாது. பெருநாள் வரவுசெலவுக்கு இருக்கிறது, சதக் கணக்கோடு.