6ஜி சான்றிதழுக்குப் பணம் கட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

6ஜி என்றதும் செல்போன் டவரை நினைக்க வேண்டாம். இது வெல்டர்களின் 6ஜி. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். பைப் சுற்றாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். இதில் தேறினால் மற்ற பொசிஷன்களிலும் பைப் ஜாயின்ட் அடிக்கலாம் என்பதால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

திருச்சி துவாக்குடி பக்கமோ, எண்ணூர் பக்கமோ வேலை தேடும் ஐ.டி.ஐ. பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். "எப்படியாவது ஒரு 6ஜி சர்டிபிகேட் வாங்கிடணும் சார்" என்பார்கள். வீட்டு நகையை அடகு வைத்துக்கூட கட்டணம் கட்டுகிறார்கள். இங்கேதான் எனக்கு ஆட்சேபம்.

பாய்லர், பைப்லைன் வேலைகளில் பரவலாகப் பின்பற்றப்படுவது ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9 விதிகள். அதன்படி வெல்டரைச் சோதித்து எடுப்பது வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. பயிற்சி மையம் தரும் தாளை நீட்டினாலும், பெரும்பாலும் "சரிப்பா, ஒரு பீஸ் அடிச்சுக் காட்டு" என்றுதான் சொல்வார்கள். தேறிய பிறகும், அந்த வெல்டிங் முறையில் 6 மாதம் கை வைக்காமல் இருந்தால் தகுதி காலாவதி. பத்திரமாக லேமினேட் செய்து வைத்தாலும் அவ்வளவுதான்.

இன்னொன்று, பலரும் கேட்காமலேயே விடுவது: எந்த சைஸ் பைப்பில் டெஸ்ட்? 6 இஞ்ச் பைப்பில் தேறியவருக்கு வெளிவிட்டம் 73 மி.மீ. முதல்தான் அனுமதி. பாய்லர் டியூப்களோ 51 மி.மீ. அளவில் நிறைய வரும். அதைத் தொட அவருக்குத் தகுதி கிடையாது! அதுவே 2 இஞ்ச் பைப்பில் (வெளிவிட்டம் 60.3 மி.மீ.) தேறியிருந்தால் 25 மி.மீ. முதல் பெரிய பைப் வரை அடிக்கலாம். கட்டணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிப் பணம் மிச்சம்.

அப்போ எதற்குத்தான் தயாராவது? ஆர்க் அடிக்கும் முன்பே டெஸ்டில் பாதி முடிந்துவிடுகிறது. பைப் விளிம்பின் சாய்வு, இடைவெளி, இரண்டு பைப்பும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பது எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். டேக் போட்ட இடத்தைக் கிரைண்டரில் மெலிதாக்காமல் அதன் மேலேயே ஓட்டினால் ரூட் அங்கே பிடிக்காது, எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். 7018 ராடை அவனில் காயவைக்காமல் எடுத்தால் ஈரம் உள்ளே போய் துளை விழும், விரிசல்கூட வரும். வெயிலுக்கு ஃபேன் போட்டுக்கொண்டு டிக் அடிக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். காற்றில் ஆர்கான் பறந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு நல்ல கை இருந்து என்ன பயன்?

டபிள்யூ.பி.எஸ். எனும் செய்முறைத் தாளைப் படிக்கத் தெரிவது அடுத்தது. எந்த ராட், எத்தனை ஆம்பியர், எத்தனை டிகிரி சூடு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது இங்கிலீஷில் இருக்கிறது என்பதற்காகவே நல்ல வெல்டர்கள் அதை சூப்பர்வைசர் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். மொத்தம் ஐம்பது அறுபது வார்த்தைதான், ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

பயிற்சி மையத்துக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. காசு தாளுக்கு அல்ல, கைப்பழக்கத்துக்குப் போகட்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஜாயின்ட் அடிக்கவிடுவீர்கள், பைப்புக்கும் ராடுக்கும் தனியாகக் காசா, நான் அடித்த ஜாயின்ட்டின் எக்ஸ்ரே படத்தை எனக்கே காட்டி எங்கே தப்பு என்று சொல்வீர்களா என்று கேளுங்கள். படத்தைக் காட்ட யோசித்தால், பஸ் ஏறி அடுத்த மையத்தைப் பாருங்கள்.