கெலவரப்பள்ளி அணை: நுரை தெரிகிறது, மீன் தெரிகிறதா?

மழை பெய்து தென்பெண்ணையில் தண்ணீர் கூடினால், ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நுரை பொங்கும். பெங்களூரு பக்கமிருந்து கலக்கும் கழிவுநீர் பற்றிப் பேச்சு எழும். நுரை அடங்கினால் பேச்சும் அடங்கிடும். சூளகிரிப் பக்கத்து வயல்களுக்கும் கால்வாயில் போவது இதே தண்ணீர்தான். இதற்குள் வாழும் மீன்களின் கதி? செத்து மிதந்தால்தான் நமக்குத் தெரியும்.

கடலில் அப்படிக் காத்திருப்பதில்லை. அங்கே ஒலியை வைத்தே மீன்களைக் கணக்கிடுகிறார்கள்.

எப்படி?

படகில் பொருத்திய எக்கோ சவுண்டர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும் ஒலி, மீனின் காற்றுப்பையில் பட்டு எதிரொலிக்கும். அது திரும்பிவரும் நேரம் ஆழத்தைச் சொல்லும். அதன் வலு, கூட்டத்தின் அளவைச் சொல்லும். கூடவே ஒவ்வோர் ஆழத்திலும் வெப்பநிலை, உப்பு, ஆக்சிஜனையும் அளப்பார்கள். மீன் எங்கே இருக்கிறது என்பதோடு, ஏன் அங்கே போனது என்பதும் புரியும். நம் நாட்டின் 'சாகர் சம்பதா' ஆய்வுக்கப்பல் 1980-களிலேயே இப்படி ஆய்வு செய்தது.

அணைக்கு ஒத்துவருமா?

வரும். ஐரோப்பாவில் ஏரி, நீர்த்தேக்கங்களில் ஒலிவழி மீன் கணக்கெடுப்புக்கு 2014-லேயே தர வழிகாட்டி வந்துவிட்டது. கெலவரப்பள்ளியின் முழுக் கொள்ளளவு உயரம் 44.28 அடி, கீழே உள்ள கிருஷ்ணகிரி அணைக்கு 52 அடி. ஆழமான பகுதிகளில் இந்தக் கருவி வேலை செய்யும்.

சிக்கலும் உண்டு. எதிரொலி மீனின் இனத்தைச் சொல்லாது. வலை போட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்யணும். நீரில் கலந்த காற்றுக்குமிழியும் மீன் போலவே எதிரொலிக்கும். அதனால் நுரை பொங்கும் நாளில் அளந்தால் கணக்கு தப்பிடும். அதற்கு முன்பும் பின்பும் அளந்து ஒப்பிடணும்.

நேரமும் முக்கியம். கழிவுநீரின் சத்தில் பெருகும் பாசி, பகலில் ஆக்சிஜனைத் தரும்; இரவில் அதையே உறிஞ்சும். விடியும் முன்தான் மீனுக்கு மூச்சு முட்டும். பகல் 11 மணிக்கு எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் இதைக் காட்டவே காட்டாது.

யார் செய்யணும்?

தண்ணீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், மீன் மீன்வளத் துறையிடம், அணை நீர்வளத் துறையிடம். மூன்று துறையும் ஒரே படகில் ஏறினால் போதும். மாதம் ஒருமுறை, விடியும் முன்பும் மதியமும் அளந்து முடிவைப் பொதுவில் வைக்கட்டும். கர்நாடகத்திடம் பேசும்போது நுரைப் படத்தைவிட அந்தக் கணக்குக்கே வலு அதிகம். அணையை நம்பி வலை போடுபவர்களுக்கும் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை கிடைக்கும்.